ரைசன் 3600, பி450 போர்டு: சில வருட ஓட்டமும் ஒரு ஸ்டார்ட்டிங் டிரபிளும்

2019 கடைசியில் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பாகங்களை வாங்கி வந்து, ஓசூர் வீட்டில் நானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இது. ரைசன் 5 3600 புராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லா பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டி), ஒரு எஸ்எஸ்டி. இன்றும் என் வேலையெல்லாம் இதில்தான் நடக்கிறது. புராசஸரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 65 வாட் சிப் என்பதால் பெட்டியோடு வந்த கூலரே போதும், வெயில் காலத்தில் மட்டும் கொஞ்சம் இரையும். போர்டும் நல்ல போர்டு. பயாஸ் (போர்டை எழுப்பும் மென்பொருள்) அப்டேட் போட்டால் 5000 வரிசை சிப்பையும் ஏற்கும் என்பதால் மாற்ற வேண்டிய அவசரம் இல்லை.

மூன்று வருடம் போல ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம்தான் ஆரம்பித்தது. காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், கேபினட் விளக்கு எரியும், டிஸ்ப்ளே வராது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால், எதுவுமே நடக்காத மாதிரி விண்டோஸ் வந்து நிற்கும். அதன் பிறகு நாள் முழுக்க எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் ஒழுங்காகவே எழும். முதலில் எப்போதாவது, போகப் போக அடிக்கடி.

முழுசாகச் செத்த பாகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். இப்படி விட்டு விட்டு வரும் கோளாறுதான் ஆளைச் சுற்றலில் விடும். எதைச் செய்தாலும் அடுத்த இரண்டு நாள் நன்றாக ஓடும். செய்த காரியம்தான் பலித்தது என்று தோன்றிவிடும். ரேமைக் கழற்றி, தங்க நிறக் காலை ரப்பரால் தேய்த்து மாட்டுவது நம் ஊரில் எல்லோரும் செய்கிற முதல் வைத்தியம். அதில் தவறில்லை, பல நேரம் அதுவே போதும். இங்கேயும் சில நாள் நிம்மதி கிடைத்தது, பிறகு பழைய கதைதான். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், அது பலித்ததா என்று தீர்மானிக்கக் குறைந்தது இரண்டு வாரம்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பட்டனை அழுத்தியும் அசைவே இல்லையா, ஃபேன் சுற்றியும் டிஸ்ப்ளே வரவில்லையா, பயாஸ் லோகோ வந்த பிறகு விண்டோஸில் நிற்கிறதா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. மூன்றாவது வகையென்றால் எஸ்எஸ்டி, டிரைவர், இல்லை விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று தேடலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் முழுதாக மூடப்படாது, அதன் நிலை டிஸ்கில் எழுதி வைக்கப்படும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ரீஸ்டார்ட்டில் சரியாக வந்து, ஷட் டவுனுக்குப் பிறகு மட்டும் தகராறு என்றால் முதலில் அதை நிறுத்திப் பார்க்கலாம்.

என்னுடையது இரண்டாவது வகை. விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் முறையாக மூடப்படாமல் நின்றிருந்தால் அடுத்த முறை விண்டோஸ் எழும்போது 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு விழும். அது காரணத்தைச் சொல்லாது; பாதியில் நின்றது என்பதை மட்டும்தான் சொல்லும். டிஸ்ப்ளே வராத காலைகளில் அந்தப் பதிவுகூட இல்லை. விண்டோஸ் தொடங்கவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஃபார்மேட் அடிக்கச் சொன்ன நண்பர்களுக்கு இதைத்தான் காட்டினேன்.

இந்த போர்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஓரத்தில் இருக்கும் நான்கு சின்ன எல்இடி. புராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்று ஒவ்வொரு சோதனையும் நடக்கும்போது அதற்குரிய விளக்கு எரிந்து அணையும். எதில் நிற்கிறதோ அது எரிந்தபடியே இருக்கும். மலிவான போர்டுகள் சிலவற்றில் இது இருப்பதில்லை. அடுத்த முறை வாங்கினாலும் ஆர்ஜிபி அலங்கார விளக்கு இல்லாவிட்டால் பரவாயில்லை, இந்த நான்கு விளக்கு இல்லாமல் வாங்க மாட்டேன். குறித்து வைத்துப் பார்த்ததில் ஒரு நாள் ரேம் விளக்கில் நிற்கிறது, இன்னொரு நாள் புராசஸர் விளக்கில். ஒரு பாகம் கெட்டிருந்தால் பெரும்பாலும் அதே இடத்தில்தான் நிற்க வேண்டும். விளக்கு மாறி மாறி நின்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றின் மீது சந்தேகம் போக வேண்டும்.

ஆனாலும் ரேமை அப்படியே விட முடியாது. ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை அணைத்து 3200-லிருந்து 2133 வேகத்துக்கு இறக்கிப் பார்த்தேன். ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொரு ரேமாகத் தனியாக, புராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டிப் பார்த்தேன். காலைத் தகராறு அப்படியே இருந்தது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுப் பார்க்க வழியில்லை, 3600-இல் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது.

துப்பு கிடைத்தது அப்பாவின் பழக்கத்தால். இடி மின்னலுக்குப் பயந்து ராத்திரி எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். அவர் ஊருக்குப் போயிருந்த நாட்களில் சுவர் சுவிட்ச் அணைக்கப்படவில்லை. அந்த நாட்களில் ஒரு முறைகூட டிஸ்ப்ளே வராமல் இல்லை! அவர் திரும்பி வந்ததும் தகராறும் திரும்பி வந்தது.

சுவர் சுவிட்சை அணைத்தால் இரண்டு விஷயம் மாறும். ஒன்று, பயாஸ் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பது சிஆர்2032 பேட்டரி மட்டும்தான். அது தீர்ந்திருந்தால் தேதி பின்னால் போயிருக்கும். என்னுடையதில் தேதி சரியாகவே இருந்தது, மல்டிமீட்டரிலும் 3 வோல்ட் காட்டியது. பழையதுதானே என்று புதிது போட்டேன், மாற்றமில்லை. இரண்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டாண்ட்பை மின்சாரம். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை ஊதா ஒயரில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு பகுதி விழித்தபடி, லேசான சூட்டோடு இருக்கும். ராத்திரி முழுக்க அணைத்தால் எல்லாம் ஜில்லென்று ஆகிவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்களில் திரவம் உண்டு. வயதாக ஆக அது காய்கிறது, கப்பாசிட்டரின் உள் மின்தடை ஏறுகிறது. குளிரில் இன்னும் மோசம். ஓசூரில் மார்கழி, தை விடியற்காலைக் குளிர் தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். பழைய ஸ்கூட்டர் முதல் உதையில் கிளம்பாமல் இரண்டாவதில் கிளம்புவது போலத்தான். வோல்டேஜ் எல்லாம் நிலைக்கு வந்துவிட்டது என்று எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிற ஒயர் வழியாக போர்டுக்குத் தெரிவிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கான ஏடிஎக்ஸ் தரக் கணக்குப்படி, வோல்டேஜ் வந்த 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் அந்தத் தகவல் வரும். அதுவரை போர்டு புராசஸரை எழுப்பாது. அந்த நேரத்தில் மின்சாரம் தடுமாறினால் ஒரு நாள் ரேமிலும் இன்னொரு நாள் புராசஸரிலும் நிற்பதில் ஆச்சரியமில்லை.

மல்டிமீட்டரை மட்டும் நம்பினால் இது பிடிபடாது. 12 வோல்ட் ஒயரில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம்; எனக்கு 12.1 காட்டியது. ஆனால் அதில் இருக்கும் சிற்றலையைச் சாதாரண மீட்டர் காட்டாது, அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் வேண்டும். கடையிலும் இதே கதைதான். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக எடுத்துப் போனேன். பச்சை ஒயரையும் கறுப்பையும் இணைத்து ஃபேனைச் சுற்ற வைத்து, "நல்லாத்தான் இருக்கு சார், போர்டைப் பாருங்க" என்றார்கள். லோடு இல்லாமல், அதுவும் மத்தியானம், அது ஓடத்தான் செய்யும்.

நண்பரிடம் ஒரு எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கினேன். கேபிளைத் தனியாகக் கழற்றும் மாடுலர் வகையென்றால் கேபிளோடு சேர்த்து வாங்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசைக்குப் பொது விதி இல்லை, ஒரு கம்பெனி கேபிளை இன்னொன்றில் செருகினால் ஹார்டு டிஸ்க், போர்டு எல்லாம் புகையும் வாய்ப்பு உண்டு. அதை மாட்டி, சுவர் சுவிட்சை ராத்திரி அணைத்து, குளிர்காலம் முடியும் வரை ஓட்டினேன். ஒரு தடவைகூட அடம்பிடிக்கவில்லை. பிறகு 550 வாட்டில் புதிது வாங்கினேன். பழையதைப் பிரித்துக் கப்பாசிட்டர் மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பழக்கமில்லாதவர்கள் தொடவே கூடாது.

இதற்கிடையில் தங்கை மகன் டிடிஆர்5 ரேமோடு புதிய தலைமுறை ஏஎம்5 போர்டில் புதிதாக ஒன்று அசெம்பிள் செய்துவிட்டு, "மாமா, எனக்கும் டிஸ்ப்ளே வரலை" என்று போன் செய்தான். "டேய், எதையும் கழட்டாத, பத்து நிமிஷம் அப்படியே விடு" என்றேன். டிடிஆர்5-இல் முதல் முறை எழும்போது போர்டு ரேமோடு ஒத்துப்போகப் பயிற்சி எடுக்கும், சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். பாதியில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கொஞ்ச நேரத்தில் பயாஸ் திரையை போட்டோ எடுத்து அனுப்பினான்.

என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாரண்டி மிச்சம் இருந்தது. சர்வீஸ் சென்டரிலும் ஃபேன் சோதனைதான் செய்தார்கள். எந்த நாளில் எந்த விளக்கில் நின்றது, சுவர் சுவிட்ச் அணைந்திருந்ததா என்று எழுதி வைத்திருந்த தாளைக் காட்டிய பிறகே வாங்கிக்கொண்டார்கள். அதே மாடலில் வேறொன்று வந்தது. அதை கிராபிக்ஸ் கார்டு இல்லாத அப்பாவின் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறேன். அவர் இன்னும் ராத்திரி சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார், இதுவரை புகார் இல்லை.