மரத்த காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு: வாங்கும் முன் கவனிக்க

சர்க்கரையால் கால் நரம்பு மரத்தவருக்குச் சென்னையில் முதல் எதிரி தரைதான். மே மாத மதியத்தில் கோயில் பிராகாரத்துக் கருங்கல், மெரினா மணல், பைக் சைலன்சர் எதில் பட்டாலும் சுடுவது தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம். மழை வந்தால் தேங்கிய தண்ணீருக்கடியில் ஆணி. எம்.சி.ஆர்., அதாவது மைக்ரோ செல்லுலார் ரப்பர், செருப்பு இப்படி மரத்த காலுக்காகத்தான். தொழுநோயில் உணர்ச்சி போன பாதங்களுக்கு வேலூர் மருத்துவர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது, பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கும் வந்தது.

மருத்துவமனை வாசல் கடைகளிலும் ஆர்த்தோ கடைகளிலும் 'டயபெடிக் செருப்பு' என்று அடுக்கியிருப்பதெல்லாம் எம்.சி.ஆர். அல்ல. பலவும் வெறும் ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் நுரை. கையில் எடுத்தால் இறகு போல இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் மெல்லத்தான் நிரம்பும். சில மாதத்தில் குதிகால் பக்கம் தட்டையாகிவிடும். மைக்ரோ செல்லுலார் ரப்பர் கொஞ்சம் கனக்கும், அழுத்திய இடம் உடனே எழும். மேல் அடுக்கு, ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் அளவில் சுமார் 15 என்று மெத்தென்று இருக்க வேண்டும். அடியிலோ ஆணி ஏறாத கெட்டியான ரப்பர் வேண்டும். அடித்தகடு மெலிந்ததை எத்தனை மெத்தென்று இருந்தாலும் வாங்காதீர்கள். பின்பட்டையும் வெல்க்ரோவும் கட்டாயம். விரலிடுக்கில் வார் வரும் ஹவாய் மாடல் வேண்டாம்: மரத்த விரலால் அதைப் பிடித்து நடக்க முடியாது, செருப்பு கழன்று போனாலும் தெரியாது. உள்ளே ஆணி அடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டியும் தைத்தும்தான் இருக்க வேண்டும்.

அதே கடையில் பக்கத்திலேயே முள்முள்ளாக அக்குபிரஷர் செருப்பு தொங்கும். 'நரம்பு தூண்டும்' என்பார்கள். மரத்த காலுக்கு இதைவிடக் கெட்ட பொருள் கிடையாது. ஒவ்வொரு முள்ளும் ஒரே இடத்தில் அழுத்தம், வலி தெரியாது, புண் நிச்சயம்.

சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். காகிதத்தில் நின்று இரண்டு பாதத்தையும் வரைந்து எடுத்துச் சென்று, செருப்பின் மேல் வையுங்கள். ஓரம் வெளியே வந்தால் அந்த அளவு வேண்டாம். 'போட்டுப் பார்த்தேன், இறுக்கம் தெரியவில்லை' என்பது இங்கே அர்த்தமில்லாத பேச்சு, தெரியாததுதானே நோய். நீளமான விரலுக்கு முன்னால் அரை அங்குலமாவது இடம் விடவும். முதல் நாள் ஒரு மணி நேரம்தான். கழற்றியதும் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிவப்பு மறையாவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே புண்ணோ, விரல் எடுத்த தழும்போ, வடிவம் மாறிய பாதமோ இருந்தால் கடைச் செருப்பு போதாது; மருத்துவமனையின் பாதப் பிரிவில் அளவெடுத்துச் செய்ய வேண்டும். மரத்திருக்கிறதா என்பதே சந்தேகமென்றால் தொடு உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் நைலான் இழையும், அதிர்வு உணர்வை அளக்கும் பயோதீசியோமீட்டர் கருவியும் சொல்லிவிடும். 25 வோல்ட்டுக்கு மேல் வைத்தால்தான் அதிர்வு தெரிகிறதென்றால் புண் வரும் ஆபத்து அதிகம்.

செருப்பு நரம்பைத் திருப்பித் தராது. கெடுப்பது சர்க்கரை, அதோடு புகையும் குடியும். பல வருடம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு வைட்டமின் பி12 குறைந்தும் கால் எரியும், ஒரு இரத்தப் பரிசோதனை போதும். சென்னையிலும் டெல்லியிலும் நடந்த நீண்ட ஆய்வில் காற்றில் பி.எம். 2.5 என்ற நுண்தூசி கூடிய இடத்தில் இருந்தவர்களிடம் சர்க்கரையும் கூடியிருந்தது. காலில் எதைப் போட்டாலும் அது மாறாது.

மழைக்காலத்தில்தான் இந்தச் செருப்பு தோற்கிறது. ரப்பர் தண்ணீர் குடிக்காது, ஆனால் ஒட்டு பிரியும். நனைந்தால் நிழலில் காய வையுங்கள், வெயிலில் வைத்தால் வளையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரல்களுக்குப் பின்னால் உள்ள பாதமேடு அழுந்தும் இடத்தை விரலால் கிள்ளிப் பாருங்கள். மற்ற இடத்தைவிட மெலிந்திருந்தால் மேலே பளபளவென்று இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடலாம்.