தாலுகா ஆபீசா, தனியார் கம்பெனியா? அக்கா மகனுக்குச் சொன்னது

அக்கா மகன் குரூப் 4 தேர்வில் தேறிவிட்டான். அதே வாரத்தில் ஒரு தனியார் நிதி நிறுவனத்திலிருந்தும் ஆர்டர் வந்துவிட்டது. "மாமா, நீங்க ரெண்டுலயும் இருந்தவரு, எதுக்குப் போகட்டும்?" என்று கேட்டான். கோவையில் ஒரு வாகனக் கடன் கம்பெனியில் நான்கு வருடம் இருந்துவிட்டு, 2013இல் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன் நான்.

சம்பளம், லீவு, டிரான்ஸ்ஃபர் பற்றியெல்லாம் ஊரே சொல்லும். பென்ஷனுக்காக மட்டும் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2003 ஏப்ரல் முதல் சேர்ந்த எங்களைப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில்தான் சேர்த்தார்கள். அப்பா காலத்துக் கணக்கு அப்படியே வராது.

வேகம் என்றால் கம்பெனிதான், அதில் சந்தேகமே இல்லை. விண்ணப்பத்தில் இரண்டு பக்கம் வீண் என்று ஒருநாள் மாலை மேனேஜரிடம் சொன்னேன். மறுநாள் காலை புதுப் படிவம் அச்சாகி மேசைக்கு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் தாலுகா ஆபீசில் எனக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை.

ஆனால் அதே மேனேஜர் ஒரு மார்ச் மாதக் கடைசியில் போன் செய்தார். டார்கெட் முடிய வேண்டும்; 11 கடன்களுக்கு நேரில் போய்ப் பார்க்காமலே "பார்த்தாச்சு" என்று போடச் சொன்னார். "போடுப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார். போட்டேன். ஆறு மாதத்தில் மூன்று வண்டிகளுக்குத் தவணை நின்றது. ஆடிட்டில் கேள்வி என் பெயருக்கு வந்தது. அவர் சொன்னதற்கு ஒரு வரிகூட எங்கும் இல்லை. அந்த மாதம் முழுக்கத் தூக்கமில்லை.

நான் ஆபீஸ் பக்கம் சாய்வதற்குக் காரணம் இந்த ஒன்றுதான். யார் சொன்னார், யார் முடிவெடுத்தார் என்பது அங்கே எழுத்தில் நிற்கிறது. வருகிற தபால் எழுத்தரின் தபால் பதிவேடான தன்பதிவேட்டில் ஏறும், அதற்கு ந.க. எண் என்று ஒரு கோப்பு எண் விழும். எழுத்தர் குறிப்பு எழுதுவார், துணை வட்டாட்சியர் அதன் கீழே எழுதுவார், தாசில்தார் பச்சை மையில் முடிவெழுதுவார். கோப்பு முடிந்தாலும் தூக்கிப் போட்டுவிட முடியாது. ஓராண்டா, மூன்றாண்டா, பத்தாண்டா, நிரந்தரமா என்று வகை பிரித்து ரெக்கார்டு ரூமுக்குப் போகும். வெள்ளைக்காரர் காலத்து ஏற்பாடு இது. 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தபின் மனுதாரரே அந்தக் குறிப்புகளுக்கு நகல் கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

வாரிசுச் சான்று காகிதக் கோப்பில் போய்க்கொண்டிருந்த நாட்களில் ஒன்று நடந்தது. இறந்தவருக்கு முதல் மனைவி வழியில் ஒரு மகள். விஏஓ அறிக்கையில் பெயர் இருக்கிறது, மனுவில் இல்லை. எனக்கு மேலே இருந்த ஒருவர், "அந்தப் பொண்ணு எங்கேயோ இருக்கு, விட்டுட்டு நோட் போடுங்க" என்றார். நான் உள்ளதை அப்படியே எழுதி வைத்தேன். கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் "பேசவும்" என்று ஒரே சொல்.

அரசு ஆபீசில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். எழுத விருப்பமில்லாதவர் எழுதுகிற சொல் அது. போய்ப் பேசினேன், அவர் மறுபடியும் அதையே சொன்னார். இருக்கைக்கு வந்து அடுத்த பத்தியை "விவாதித்தபடி" என்று தொடங்கி, அவர் சொன்னதையும் விஏஓ அறிக்கையின் பக்க எண்ணையும் சேர்த்து எழுதி மேலே அனுப்பினேன். கை நடுங்கியது உண்மை. இந்த முறை அவர் ஒன்றும் எழுதவில்லை, சுருக்கொப்பம் மட்டும் போட்டார். தாசில்தார் பச்சை மையில் எழுதினார்: "மகளை விசாரித்து அறிக்கை பெறுக." நான் அன்று கடைநிலை எழுத்தர். என் வரியைத் தாண்டி யாராலும் போக முடியவில்லை.

இதே எழுத்துதான் ஆபீசின் சுமையும். பழுதான மின்விசிறிக்கும் குறிப்பு, அதற்கும் மூன்று கையெழுத்து. பொறுப்பைத் தள்ளிவிடவே கோப்பை மேலும் கீழும் அனுப்புகிறவர்கள் உண்டு. அலைகிறவர் மனுதாரர். அதைப் பார்க்கும்போது எனக்கே கோபம் வரும். பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கையான 17பி நோட்டீஸ் வந்தாலும் குற்றச்சாட்டு, விளக்கம், விசாரணை என்று வருடங்கள் ஓடும். ஆனால் சில விதிவிலக்குகள் தவிர, விளக்கம் கேட்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

நான் வேலை பார்த்தது ஒரே ஒரு கம்பெனி, ஒரே ஒரு கிளை. எல்லாவற்றையும் மெயிலில் எழுதியே நடத்துகிற நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே என் கணக்கு மாறலாம். ஆபீஸ் பக்கமும் தாலுகா, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) அலுவலகம் தாண்டி நான் போனதில்லை.

அவனிடம் குரூப் 4 வேலைக்கே போகச் சொல்லியிருக்கிறேன். கம்பெனிக்குப் போவதென்றாலும் சரி, அங்கே ஏற்கெனவே இருக்கிற ஒருவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வா என்றேன்: மேனேஜர் போனில் சொன்னதை அன்றைக்கே மெயிலில் போட்டு "நீங்கள் சொன்னபடி" என்று எழுதினால் அங்கே என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.