டயட் கோலா, சாதா கோலா, வெறும் சோடா: வயிற்று வலிக்கு எதைக் கைகாட்டுவது?

சர்க்கரை வந்துவிட்டது, எடை ஏறிவிட்டது என்று சாதா கோலாவை விட்டு டயட்டுக்கு மாறியவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: "இதைக் குடித்தாலே வயிற்றைப் பிடித்து இழுக்கிறது." அந்த மூச்சிலேயே தீர்ப்பும் வந்துவிடும்: "எல்லாம் அதில் போடுகிற கெமிக்கல்தான்." கெமிக்கல் என்றால் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு. வலி பொய்யில்லை. ஆனால் ஒரு கேனுக்குள் ஐந்தாறு சமாச்சாரம் இருக்கும்போது, வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒன்றின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது நியாயமில்லை.

டயட் கோலாவில் என்ன இருக்கிறது? தண்ணீர், கரியமில வாயு, பாஸ்பாரிக் அமிலம், காஃபீன், நிறத்துக்கு கேரமல், வாசனைப் பொருட்கள், செயற்கை இனிப்பு. நல்லவேளையாக, இவற்றில் ஏதாவது ஒன்றோ இரண்டோ மாறுகிற பானங்கள் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கின்றன. சாதா கோலாவில் முக்கியமாக இனிப்புதான் வேறு. வெறும் சோடாவில் வாயு மட்டும்தான். எலுமிச்சை வாசனை கொண்ட, சர்க்கரை சேர்க்காத 'ஜீரோ' பானங்களில் பெரும்பாலும் காஃபீன் கிடையாது. எதைக் குடித்தால் வலிக்கிறது, எதைக் குடித்தால் வலிக்கவில்லை என்று ஜோடி ஜோடியாகப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

டயட் கோலாவும் சாதா கோலாவும்

300 மி.லி. சாதா கோலாவில் ஏறக்குறைய 32 கிராம் சர்க்கரை. டயட்டில் அந்த இடத்தில் மில்லிகிராம் கணக்கில் அஸ்பார்டேமும், பல பிராண்டுகளில் கூடவே அசிசல்ஃபேம் பொட்டாசியமும். இரண்டுமே சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பு, அதனால் துளி போதும்.

வயிற்றுக்குள் போன அஸ்பார்டேம் சிறுகுடலிலேயே உடைந்து இரண்டு அமினோ அமிலமும் கொஞ்சம் மெத்தனாலுமாகிவிடும். அந்த அமினோ அமிலங்கள் பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் இருப்பவைதான். மெத்தனால் என்றதும் பதற வேண்டாம், அதே அளவு தக்காளிச் சாற்றில் இதைவிட அதிகம் வரும். அசிசல்ஃபேம் ரத்தத்தில் ஏறி சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. பெருங்குடல் வரை போய் அங்கே பாக்டீரியாவிடம் சிக்கிப் புளித்து வாயுவைக் கிளப்புகிற வேலையை இவை இரண்டும் செய்வதில்லை.

சரி, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை என்பவர்கள்? இங்கிலாந்தில் ஹல் நகரத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். அஸ்பார்டேம் தங்களுக்கு ஆகாது என்று உறுதியாகச் சொன்ன 48 பேர், அப்படி எந்தப் புகாரும் இல்லாத 48 பேர். எல்லோருக்கும் ஒருமுறை 100 மி.கி. அஸ்பார்டேம் சேர்த்த தின்பண்டம், இன்னொருமுறை சேர்க்காதது. எது எந்த முறை என்று கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. 2015இல் வெளியான முடிவில், இரண்டுக்கும் வித்தியாசம் தென்படவில்லை. "ஆகாது" என்றவர்கள் தொந்தரவுகளை அதிகமாகச் சொன்னார்கள், ஆனால் அஸ்பார்டேம் இல்லாததைத் தின்றபோதும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் நடித்தார்கள் என்று அர்த்தமில்லை. எதிர்பார்ப்புக்கும் வயிற்றுக்கும் அவ்வளவு நெருக்கம்.

பினைல்கீட்டோனூரியா என்ற அரிதான பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் அஸ்பார்டேம் உண்மையிலேயே ஆபத்து. கேனில் பொடி எழுத்தில் அந்த எச்சரிக்கை இருக்கும். 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை அஸ்பார்டேமை "புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது" என்ற பட்டியலில் சேர்த்ததும் செய்திகளில் அடிபட்டது. அது வேறு வழக்கு, வயிற்று வலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த நேரத்திலேயே இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.கி. என்ற தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

சாதா கோலாவுக்குத்தான் வலியைக் கிளப்பக் காரணங்கள் கூடுதல். அவ்வளவு சர்க்கரை உள்ள திரவம் இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்கும், வாயுவும் அதோடு அங்கேயே தங்கும். சர்க்கரையின் ஒரு பகுதியான ஃப்ரக்டோஸைச் சரியாக உறிஞ்சாத குடல் உள்ளவர்களுக்குப் பொருமலும் வயிற்றோட்டமும் வரலாம். டயட் கோலா கிட்டத்தட்ட தண்ணீர் போல இறங்கிப் போய்விடும்.

அப்படியானால் மாறிய பிறகு ஏன் வலிக்கிறது? என் கணக்கில் பல பேருக்கு விடை அளவில் இருக்கிறது. சாதா கோலாவை ஒரு டம்ளரோடு நிறுத்தியவர், "சர்க்கரைதான் இல்லையே" என்று டயட்டைப் பெரிய பாட்டிலாக வாங்கி மேஜைமேல் வைத்துக்கொள்கிறார். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட இதைக் குடிப்பவர்களும் உண்டு. வெறும் வயிறு, ஐஸ் குளிர்ச்சி, மடக் மடக்கென்று அரை லிட்டர்.

டயட் கோலாவும் வெறும் சோடாவும்

எனக்கு இந்த ஜோடிதான் முக்கியம். நான் முதலில் சந்தேகப்படுவது வாயுவைத்தான்.

கோலாவில் அதன் கனஅளவைப் போல மூன்று, மூன்றரை மடங்கு கரியமில வாயு அழுத்திக் கரைக்கப்பட்டிருக்கிறது. 300 மி.லி. கேன் ஒன்றில் ஒரு லிட்டரை ஒட்டிய வாயு. திறக்கும்போது "புஸ்" என்று கொஞ்சம் போகும், ஏப்பமாகக் கொஞ்சம் போகும், மீதி உள்ளேதான். குளிர்ந்த திரவம் வாயுவை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும். உடம்புச் சூட்டுக்கு வந்ததும் விட்டுவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரே மூச்சில் குடித்தவருக்குச் சில நிமிடத்தில் மேல்வயிறு கல் மாதிரி ஆவது இதனால்தான்.

பெரும்பாலானவர்களுக்கு இது வெறும் உப்புசம். ஆனால் ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்குறி உள்ளவர்களுக்குக் குடலின் நரம்புகள் கொஞ்சம் கூடுதல் விழிப்போடு இருக்கும். மற்றவர்கள் கவனிக்காத விரிவு அவர்களுக்குச் சுருண்டு படுக்கிற வலியாகும். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008இல் வெளியிட்ட ஐ.பி.எஸ். வழிகாட்டுதலில் மதுவையும் வாயு நிரப்பிய பானங்களையும் குறையுங்கள் என்றுதான் இருக்கிறது. டயட், சாதா என்று பிரித்துப் பேசவில்லை.

இங்கே ஒரு முரண் உண்டு. நம் ஊரில் விருந்துச் சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கிறது என்றால் "ஒரு சோடா குடி, ஏப்பம் வந்தா சரியாயிடும்" என்பார்கள். கோலி சோடாவில் எலுமிச்சையும் உப்பும் போட்டுக் குடித்து நிம்மதியானவர்கள் எத்தனையோ பேர். இது மூடநம்பிக்கையும் இல்லை. இத்தாலியில் நேப்பிள்ஸ் மருத்துவர்கள் செரிமானக் கோளாறும் மலச்சிக்கலும் உள்ளவர்களுக்குச் சாதாத் தண்ணீரும் வாயு கலந்த தண்ணீரும் கொடுத்து ஒப்பிட்டதில், வாயுத் தண்ணீர் குடித்தவர்களுக்குத்தான் குணம் தெரிந்தது. ஒருவரை ஆற்றும் அதே வாயு இன்னொருவரைப் படுக்க வைக்கிறது. உங்களுடையது எந்த வயிறு என்பதைக் குடித்துப் பார்த்துத்தான் அறிய முடியும்.

அதற்கு வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. வழக்கமாகக் குடிக்கும் அதே டயட் கோலாவை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, தவரா டம்ளரில் காபி ஆற்றுவது போல ஆற்றுங்கள். சிங்க்குக்கு மேலே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக. முதல் நாலைந்து தடவை நுரை பொங்கி விளிம்பு தாண்டும், அப்புறம் அடங்கும். நுரையே எழாமல், நாக்கில் வைத்தால் குத்தாமல் சப்பென்று ஆகும்வரை ஆற்ற வேண்டும். குடிக்க நன்றாக இருக்காது, அது போகட்டும். வழக்கமான அளவு, வழக்கமான நேரம், வழக்கமான வேகம். வலி வரவில்லை என்றால் இனிப்பு குற்றவாளி இல்லை, ஏனென்றால் அது முழுதாக உள்ளேதான் இருக்கிறது. இன்னொரு நாள் வெறும் சோடாவை அதே அளவு குடித்து வலி திரும்பினால் சந்தேகமே வேண்டாம். லேசான, பழகிப்போன வலிக்கு மட்டும் இந்தச் சோதனை. ஆளைத் துடிக்க வைத்த வலியைத் திரும்ப வரவழைத்துப் பார்க்கக் கூடாது.

கோலாவும் எலுமிச்சை ஜீரோவும்

ஆற்றிக் குடித்தும் வலிக்கிறதா? அடுத்த சந்தேகம் காஃபீன், எலுமிச்சை ஜீரோவில் பெரும்பாலும் இல்லாதது. பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: அமெரிக்காவில் விற்கும் 355 மி.லி. கேனில் சாதா கோகோ கோலாவில் 34 மி.கி. காஃபீன், டயட் கோக்கில் 46 மி.கி. டயட்தான் கூடுதல். காஃபீன் அமிலச் சுரப்பைத் தூண்டும், பெருங்குடலை வேகமாக அசைக்கும். காலை வெறும் வயிற்றில் காபி குடித்ததும் வயிறு கலக்குகிறவர் என்றால், டயட் கோலாவும் அதே வேலையைத்தான் செய்கிறது. காபி ஒன்றும் செய்யாமல் கோலா மட்டும் வலித்தால் காஃபீனை விட்டுவிடலாம்.

அமிலம் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. அமிலத்தை அளக்கும் பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; டயட் கோலாவின் பிஎச் 3 சுமார், சாதாவுக்கு 2.5 சுமார். நம் இரைப்பையின் சொந்த அமிலம் இதைவிடக் கடுமையாக இருக்கக்கூடியது. கோலா அல்சரை உண்டாக்குவதும் இல்லை. பெரும்பாலான அல்சருக்கு எச். பைலோரி கிருமியும் வலி மாத்திரைகளும் காரணம், கிருமியைக் கண்டுபிடித்ததற்காக பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் ஏற்கெனவே இருக்கிற புண்ணிலும், ஏப்பத்தோடு எதுக்களித்து உணவுக்குழாயிலும் இந்தப் புளிப்பு பட்டால் எரியத்தான் செய்யும். எலுமிச்சை ஜீரோவிலும் சிட்ரிக் அமிலம் இருப்பதால் நெஞ்செரிச்சல்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

போகிற போக்கில் ஒன்று: இரைப்பையில் செரிக்காத நார் உருண்டையாகி அடைத்துக்கொள்ளும் சிலருக்குக் கோலாவையே கொடுத்து அதைக் கரைப்பார்கள். கிரேக்க மருத்துவர்கள் 2002இல் எழுதிய பிறகு பல நாடுகளில் செய்கிறார்கள். மருத்துவமனையில், மேற்பார்வையோடு.

சுகர்ஃப்ரீ மிட்டாய்

இனிப்பின் மேல்தான் சந்தேகம் என்றால் கேனைவிடச் சட்டைப்பையைப் பாருங்கள். சுகர்ஃப்ரீ சூயிங்கம், மிட்டாய், சாக்லேட், புரோட்டீன் பார்களில் சார்பிடால், மால்டிடால் என்ற சர்க்கரை ஆல்கஹால்கள் இருக்கும். இவை கிராம் கணக்கில் சேர்க்கப்படுபவை, முழுதாக உறிஞ்சப்படாதவை. பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும், தண்ணீரையும் இழுக்கும். 10 கிராம் சார்பிடாலிலேயே பலருக்குப் பொருமல், 20 கிராம் போனால் முறுக்கும் பேதியும். டயட் கோலாக்களில் இவை வழக்கமாகச் சேர்வதில்லை. ஆனால் டயட் கோலா குடிப்பவர்தான் சுகர்ஃப்ரீ மிட்டாயையும் மெல்லுகிறார். பழி கேனுக்குப் போகிறது.

வலி கடுமையாக இருந்தால்

மேலே சொன்ன எல்லாமே உப்புசம், முறுக்கு, எரிச்சல் ரகம். ஏப்பம் விட்டாலோ கழிவறை போய் வந்தாலோ குறைகிறவை. நிமிர முடியாத, மணிக்கணக்கில் நிற்காத வலிக்கு டயட் கோலாவைத் தனியாகக் காரணம் சொல்ல எனக்கு மனம் வராது. கோலாவோடு கூட வந்தது எது என்று பார்க்க வேண்டும்.

பிரியாணியோடும் வறுத்த கோழியோடும்தான் கோலா குடிக்கிறோம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து தோள்பட்டைப் பக்கம் ஏறினால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், தூண்டியது கொழுப்பு. இன்னொன்று, பட்டினி கிடந்து வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் மளமளவென்று எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. டயட் கோலா அவர்கள் கையில்தானே அதிகம்.

மதுவில் கலக்கிறவர்களுக்கு: மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைக்கிற வலி கணைய அழற்சியாக இருக்கலாம். சாதா கோலாவில் கலப்பதைவிட டயட்டில் கலந்தால் இரைப்பை வேகமாகக் காலியாகி மது சீக்கிரம் ரத்தத்தில் ஏறுகிறது என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

சர்க்கரை நோயாளிகள் மாத்திரைச் சீட்டைப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் தொடங்கிய புதிதில் வயிற்று வலியும் பேதியும் சகஜம், டயட்டுக்கு மாறுவதும் அதே வாரத்தில்தான் நடக்கிறது. சர்க்கரைக்கும் எடைக்கும் செமாக்ளுடைட், டிர்செபடைட் ஊசி போடுபவர்களுக்கு இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், அங்கே வாயு பானத்தை ஊற்றினால் குமட்டல் கூடும்.

மேல்வயிறு இறுக்கத்தோடு வேர்த்துக் கொட்டினால், மூச்சு முட்டினால், தாடையிலோ இடது கையிலோ வலி பரவினால், "கேஸ்தான், சோடா குடிச்சுட்டுப் படு" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். மாரடைப்பு இப்படித்தான் வேஷம் போடும், சர்க்கரை நோயாளிகளிடம் இன்னும் அதிகமாக. உடனே 108ஐக் கூப்பிடுங்கள். ரத்த வாந்தி, கருப்பாக மலம், கண்ணில் மஞ்சள், காய்ச்சலோடு வலி, தொட முடியாமல் விறைத்த வயிறு, இவற்றுக்கும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. டாக்டரிடம் போகும்போது என்ன குடித்தீர்கள் என்பதோடு, எவ்வளவு குடித்தீர்கள், கூட என்ன சாப்பிட்டீர்கள், எந்த மாத்திரை ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.