நாட்டமைசினும் வோரிகொனசோலும்: கருவிழிப் பூஞ்சைப் புண்ணுக்கு எது?

மதுரைப் பக்கத்து மேலூர், வாடிப்பட்டி வயல்களில் அறுப்பின்போது நெல்தாள் கண்ணைக் கீறிவிட்டால், அந்தக் கீறலில் இறங்கும் ஃபியூசேரியம் போன்ற பூஞ்சை கருவிழியை (கண்ணின் முன்புறமுள்ள தெளிந்த படலமான கார்னியாவை) புண்ணாக்கிப் பார்வையையே பறித்துவிடக்கூடும். இதற்கான இரண்டு சொட்டு மருந்துகளை ஒப்பிடுவது, புதிய பூஞ்சை எதிர்ப்புச் சேர்மங்களை வடிவமைப்போருக்கு மிகவும் பயன்படும்.

நாட்டமைசின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி தந்த பொருள். அது பூஞ்சையின் செல்சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளை நேரடியாகப் பற்றிக்கொள்கிறது. ஆனால் நீரில் எளிதில் கரையாத பெரிய மூலக்கூறு என்பதால் கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவுவதில்லை. வோரிகொனசோலோ ஆய்வுக்கூடத்தில் உருவானது: ஃப்ளூகொனசோல் என்ற முந்தைய பூஞ்சை எதிர்ப்பு மருந்தின் ஒரு டிரையசோல் வளையத்துக்குப் (நைட்ரஜன் அணுக்கள் கொண்ட வளையம்) பதிலாக ஃப்ளூரோபிரிமிடின் வளையத்தைப் பொருத்தி, ஒரு மெத்தில் தொகுதியையும் சேர்த்ததால், எர்கோஸ்டெரால் உருவாகத் தேவையான நொதியை அது வலுவாகத் தடுக்கிறது, கண்ணுக்குள்ளும் நன்றாக இறங்குகிறது.

இவற்றை மட்டும் வைத்துக் கணித்தால் வோரிகொனசோலே சிறந்ததாகத் தோன்றும். ஆனால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் 323 நோயாளிகளிடம் நடந்து, 2013-இல் வெளியான ஆய்வில், 5 சதவீத நாட்டமைசின் பெற்றவர்களுக்கே, 1 சதவீத வோரிகொனசோல் பெற்றவர்களைவிடப் பார்வை நன்றாக இருந்தது. கருவிழி துளைபடுவதும் குறைந்தது. இந்த வேறுபாடு ஃபியூசேரியம் தொற்றில்தான் தெளிவாகத் தெரிந்தது. பிற பூஞ்சைகளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

ஆகவே, வோரிகொனசோல் போன்ற புதிய அசோல் வகைச் சேர்மத்தைத் தொகுப்போர் கேண்டிடா ஈஸ்ட்டில் மட்டும் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை (வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த மருந்தளவை) அளந்து நிறைவடையக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நம் பகுதி நோயாளிகளின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஃபியூசேரியத்தின் மீதும் அதைத் தொடக்கத்திலேயே சோதிக்க வேண்டும். கருவிழிச் செல்களுக்கு அது நஞ்சாகுமா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.