மூன்று வருடமாக என்னோடு மல்லுக்கட்டும் தெர்மோகோல் கட்டர்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து நண்பன் நேற்று போன் செய்தான். "மாப்ள, அந்த மேசை கட்டர் விலை குறைஞ்சிருக்கு, வாங்கட்டுமா?" அவன் கேட்ட நேரம் சரியில்லை. காலையில்தான் என் கட்டருக்கு டிரான்ஸ்ஃபார்மர் மாற்றி 850 ரூபாய் அழுதுவிட்டு வந்திருந்தேன். போனில் பாதித் திட்டு முடிந்தது. மீதி இங்கே.

மேசையில் நிமிர்த்திக் கட்டிய கம்பியைக் கரண்டில் சூடாக்கித் தெர்மோகோலை அறுக்கும் மெஷின் அது. எத்தனை வோல்ட், மேசை எவ்வளவு அகலம் என்பதெல்லாம் வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். நான் இதில் செய்வது பள்ளி ஆண்டு விழாவுக்கும் திருவிழா நாடகத்துக்கும் வேண்டிய, கல் போலத் தெரியும் தெர்மோகோல் சாமான்கள். தூண், படிக்கட்டு, கோட்டைச் சுவர், உரல், ஒருமுறை ஆளுயர நந்தி.

என் கோபமெல்லாம் கம்பியின் மேல்முனையில் இருக்கும் அந்த ஒரு ஸ்பிரிங்கின் மேல்தான். அறுக்கும் கம்பி நிக்ரோம், அதாவது நிக்கலும் குரோமியமும் கலந்தது. சூடானால் நீளும். என்னுடையது இரண்டு அடிக் கம்பி. 300 டிகிரி சூடு ஏறினால் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் இரண்டு முனையும் கட்டிய கம்பியில் அவ்வளவு தொய்வு விழுந்தால், தெர்மோகோல் ஷீட்டைத் தள்ளும்போது நடுக்கம்பி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் வளைகிறது. அந்தத் தொய்வை இழுத்துப் பிடிக்கத்தான் ஸ்பிரிங். கூடவே வந்தது சாதா இரும்பு. எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடல்காற்று படும் இடம். ஜன்னல் கொக்கியே வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிற இடத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? முதல் ஐப்பசி மழை முடிவதற்குள் துருவேறி இறுகிப்போனது. அந்த மாதம் உருண்டைத் தூண் எட்டு அறுத்தேன். எட்டும் இடுப்பு பெருத்து, பிள்ளைத்தாச்சி மாதிரி வந்து நின்றன. விற்றவரிடம் கேட்டால், "கடல்காத்துக்கு வாரண்டி கிடையாது சார்."

ஃபேன் போட முடியாத கதை வேறு. கம்பி மெல்லியது, காற்று பட்டால் ஆறிவிடும், பாதி வெட்டில் திக்கி நிற்கும். புகை நாற்றத்துக்காக ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும். மதியம் கடல்காற்று எழுந்ததா, அன்றைய வேலை அவ்வளவுதான். அதனால் என் கல் வேலை முழுக்க விடிகாலை வேலை. சரி, இதற்கு மெஷினைக் குறை சொல்வது நியாயமில்லை.

இனி நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். துருப்பிடித்த அதே ஸ்பிரிங்தான் எனக்குக் கல் செய்யக் கற்றுக் கொடுத்தது. ஒரு பள்ளிக்கு செஞ்சிக் கோட்டைச் சுவர் கேட்டிருந்தார்கள். நேரமில்லை. தொய்ந்த கம்பியிலேயே எழுபது கல் அறுத்து அடுக்கினேன். எதுவும் எதோடும் ஒட்டி உட்காரவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நிழல்கோடு விழுந்தது. அதற்கு முன்பு ஸ்கேல் வைத்து அறுத்த கற்களெல்லாம் பிஸ்கட் அடுக்கியது போல இருக்கும். இது சுவராக இருந்தது.

அன்று சாயங்காலமே கடற்கரைச் சாலைக்குப் போனேன். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைச் செஞ்சியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அதில் ஒன்றின் விளிம்பை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தேன். சுள்ளென்ற முனை எங்குமே இல்லை. அங்கங்கே மழுங்கி, அங்கங்கே சில்லு தெறித்து. கீழே அலை அடிக்கும் பாறைகளில் நனைந்த பாகம் கன்னங்கரேல், காய்ந்த தலைப்பக்கம் உப்புச் சாம்பல். பெயின்ட் அடிப்பதில் எனக்குத் தெரிந்தது பாதி அங்கே பார்த்ததுதான்.

அப்புறம் முறையும் மாறியது. அறுத்த கல்லின் விளிம்பை உப்புத்தாளால் முறித்துவிடுவேன். அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி மேலெல்லாம் அழுத்தினால் உளி கொத்தின முகம் வரும். சுவருக்குப் பூசும் வால் பட்டியில் ஃபெவிகாலும் சலித்த மணலும் கலந்து ஒரு பூச்சு. காய்ந்ததும் அடர்சாம்பல் எமல்ஷன், அதன்மேல் வெளிர்சாம்பலை ஸ்பாஞ்சால் ஒற்றுவது. கருங்கல் என்றால் வெள்ளை, கறுப்பு, கொஞ்சம் இளஞ்சிவப்பு, மூன்றையும் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு விரலால் தெறிக்க வேண்டும். தண்ணீராகக் கரைத்த கறுப்பில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டால் பள்ளங்களில் தானாக ஓடி இறங்கும். கடைசியில் பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, ஒட்டியும் ஒட்டாத வெளிர் நிறத்தால் மேல்விளிம்பை மட்டும் உரசுவது. கையில் வைத்துப் பார்த்தால் மிகையாகத் தெரியும். இருபதடி தள்ளி, மேடை விளக்கில், சரியாக இருக்கும். செஞ்சிப் பாறைகளில் கல் பிளக்க ஆப்பு இறக்கிய குழிகள் வரிசையாகத் தெரியுமே, அதில் நாலைந்தை ஒரு கல்லில் குடைந்துவிட்டால் ஊர்க்காரர்கள் உடனே கண்டுபிடித்து விடுகிறார்கள்.

ஸ்ப்ரே பெயின்ட்டை நேராக அடிக்கவே கூடாது. அதிலுள்ள தின்னர் தெர்மோகோலைத் தின்றுவிடும். ஒருமுறை மறந்து அடித்து, கல் முழுக்கப் பொத்தல். தூக்கிப்போட மனமில்லாமல் காவியும் துரு நிறமும் பூசினேன். அசல் செம்புறாங்கல்!

ஸ்பிரிங்குக்கு வருகிறேன். சைக்கிள் கடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் ஒன்று கிடைத்தது. இப்போது வெட்டு நூல் பிடித்தாற்போல நேராக வருகிறது. கல் செய்யும்போது அதைக் கழற்றிவிட்டுப் பழைய துருப்பிடித்ததையே மாட்டுகிறேன். இதை எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது. முப்பது ரூபாய் ஸ்பிரிங்கில் கஞ்சம் பிடித்தவர்கள் டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் தாராளமாகவா இருந்திருப்பார்கள்? மூன்று வருடத்தில் அது இரண்டு தடவை புகைந்துவிட்டது.

வாங்காதே என்றுதான் நண்பனிடம் சொன்னேன். "அப்ப உன்னோடதை எனக்குக் குடுத்துடேன்" என்றான். அது முடியாது. தை மாதத்துக்குள் ஒரு கோட்டை வாசல் செய்து கொடுக்க வேண்டும். பழைய ஸ்பிரிங்குக்கு எண்ணெய்கூடப் போடாமல் வைத்திருக்கிறேன்.