ஆறு பேர்ச் காணியும் சபை அனுமதியும்: திருகோணமலைச் சேவைக்கு எத்தனை மதிப்பெண்?

காணி பிரித்து வீடு கட்ட நினைப்பவர் எவரும் கடைசியில் போய் நிற்பது தன் பகுதி உள்ளூராட்சி சபையின் கருமபீடத்தில்தான். அங்கே கிடைக்கும் இரண்டு சேவைகளைப் பயன்படுத்துபவரின் பக்கத்திலிருந்து இங்கே பார்க்கிறோம். கட்டட அனுமதிக்கு ஐந்தில் நான்கு, காணிப் பிரிப்பு அனுமதிக்கு ஐந்தில் இரண்டு. வீட்டுப் படத்தை அக்கறையாகவே பார்க்கிறார்கள். மண்ணையும் தண்ணீரையும் பார்க்கவேண்டிய பிரிப்புக் கட்டத்தில் பேர்ச் (ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர்) கணக்கோடு நின்றுவிடுகிறார்கள்.

கருமபீடத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, காணி நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட எல்லைக்குள் வருகிறதா என்பது. வந்தால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழான திட்டமிடல் ஒழுங்குவிதிகள் பொருந்தும். வராவிட்டால் 1915ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். விண்ணப்பம் வாங்குவது ஒரே மேசை என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. பிறகு அளவு பிழைத்துப் படம் திரும்பி வரும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை சேவை தெளிவாகவே இருக்கிறது. உறுதி, உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடம், காணிப் பதிவகத்திலிருந்து உரித்துத் தேடல், ஆதனவரி கட்டிய பற்றுச்சீட்டு, வீட்டுப் படம். கோப்பு தடைப்படுவது பெரும்பாலும் உறுதியில் உள்ள எல்லையும் வரைபடத்தில் உள்ள எல்லையும் ஒத்துவராதபோதுதான். பழைய உறுதியில் ‘வடக்கே இன்னாரின் காணி’ என்று இருக்கும். அந்த இன்னாரின் காணி மூன்று தடவை கைமாறியிருக்கும். சபைக்குப் போகமுன் நொத்தாரிசையும் அளவையாளரையும் ஒரே மேசையில் இருத்திப் பேசவைப்பது மலிவு.

அரச அனுமதிப்பத்திரக் காணியென்றால் சபை வாசலை மிதிப்பதற்கு முன் பிரதேச செயலகம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அளிப்புப் பத்திரத்தில், எந்த அளவுக்குக் கீழே பிரிக்கக்கூடாது என்பது எழுதியிருக்கும். ஒரு வீட்டுத் துண்டுக்கு ஆறு பேர்ச் போதும் என்ற விதியைக் காட்டி அதை மீறமுடியாது. திருகோணமலைக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு: துறைமுகத்தைச் சுற்றியுள்ள பெருநிலம் 1984இல் துறைமுக அதிகார சபைக்கு என வர்த்தமானியில் வந்தது. வாங்கப்போகும் துண்டு அந்த எல்லைக்குள் விழுகிறதா என்று முற்பணம் கொடுக்கமுன் பாருங்கள்.

உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் வாங்குபவர்களுக்குக் கரையோரப் பாதுகாப்பும் சேரும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு தொடுத்த களப்பு, ஆற்றுவாய் என்றால் கணக்கு வேறு. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றின் ஓரமாக 100 மீற்றரையும் சேர்த்தது. ‘கடல் அரை மைல் தள்ளித்தானே இருக்கிறது’ என்று களப்பை மறந்தவர்களின் கோப்புகள்தான் இங்கே தடைப்படுகின்றன. சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் சொல்லப்பட்ட 200 மீற்றர் தடை பின்னர் தளர்த்தப்பட்டுவிட்டது. தரகர்கள் இன்னமும் அதையும் 300 மீற்றர் வலயத்தையும் குழப்பிக்கொண்டு இருக்கிறார்கள். வலயத்துக்குள் என்றால் கட்டவே கூடாது என்பதில்லை. கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும், அவர்கள் சொல்லும் பின்வாங்கு தூரமும் (கடல்பக்கம் கட்டாமல் விடவேண்டிய இடைவெளி) வேண்டும். வயல் காணியானால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கும். தம்பலகாமப் பக்கம் வயலுக்குக் கிரவல் கொட்டிவிட்டு அனுமதிக்கு வருவது தலைகீழான வேலை.

இனிப் பிரிப்பு அனுமதிக்கு வருவோம். இரண்டு மதிப்பெண் மட்டும் கொடுத்ததற்கான காரணம் இதில்தான் இருக்கிறது.

ஒழுங்குவிதிப்படி ஒரு வீட்டுத் துண்டுக்குக் குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச். வீதிமுகம் ஆறு மீற்றர். நாற்பது பேர்ச் காணி வைத்திருப்பவர் நாற்பதை ஆறால் வகுத்து ஆறு துண்டு வரும் என்று மனக்கணக்குப் போடுவார். காணி 25 மீற்றர் அகலம், 40.5 மீற்றர் நீளம் என்று வையுங்கள். ஐந்து முதல் எட்டுத் துண்டுக்கு உள்வீதி 4.5 மீற்றர் அகலம் வேண்டும். நீளத்துக்கு அதை விட்டால் 182 சதுர மீற்றர், ஏழு பேர்ச்சுக்கு மேல், பாதைக்கே போய்விடும். மிச்சம் முப்பத்து மூன்று பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு. துண்டு ஐந்துதான்: ஒவ்வொன்றும் 8.1 மீற்றர் முகமும் 20.5 மீற்றர் ஆழமும், ஆறரை பேர்ச். சபையின் பரிசோதனை இதுவரை சரியாகவே வரும். பாதை குறுகினால் பிடிப்பார்கள், அரை பேர்ச் குறைந்தாலும் பிடிப்பார்கள்.

ஆனால் மணல் தரையில் கேள்வி பேர்ச் அல்ல. கிணற்றுக்கும் கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் இடையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எதிர்பார்ப்பது குறைந்தது 50 அடி, அதாவது 15.2 மீற்றர். ஐந்து துண்டிலும் கிணறு பாதைப்பக்கம், குழி பின்பக்கம் என்று ஒரே வரிசையில் போனால் 18 மீற்றர் வரை இடைவெளி கிடைக்கும். நடுத்துண்டுக்காரர் ஒருவர் மட்டும் சமையலறையை முன்னுக்குக் கொண்டுவந்து குழியை முன்பக்க மதிலோரம் போட்டால் இரண்டு பக்கத்துக் கிணறுகளும் கெட்டுப்போகும். இத்தனைக்கும் அவருடைய படத்தில் அவருடைய கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி சரியாகவே இருக்கும். பக்கத்து வளவுக் கிணற்றைப் படத்தில் போடாதவரை மேசையில் இருப்பவருக்கு அது தெரியவராது. 10 மீற்றருக்கு 15 மீற்றர் துண்டென்றால் இன்னும் இறுக்கம்: மூலைக்கு மூலை 18 மீற்றர், எல்லையிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே வந்தால் 15.2. ஒரு அங்குலம் மிச்சமில்லை.

இதைத் தீர்க்கவேண்டிய இடம் பிரிப்பு வரைபடம். ஒவ்வொரு துண்டிலும் கிணற்று மூலை, குழி மூலை, கானின் சரிவு மூன்றையும் குறித்து அனுமதித்தால் பின்னால் வரும் ஐந்து வீட்டுப் படங்களும் தானாக அடங்கும். பொதுவாக அப்படிக் குறிக்கப்படுவதில்லை. கந்தளாய்க் குளத்துக் குழாய்நீர் வந்த தெருவில் பாதிப்பு குறைவு. வராத இடத்தில், விற்பவரிடம் அளவையாளரைக் கொண்டு அந்த மூன்றையும் போடச்சொல்லிக் கேளுங்கள். உறுதியிலும் ஒரு நிபந்தனையாக எழுதுவியுங்கள்.

கான் விடயமும் இப்படித்தான். மாரியில் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் ஒருவர் இரண்டு அடி நிரப்பினால் அது அடுத்த வளவுக்குப் போகும். அடுத்தவர் மூன்று அடி நிரப்புவார். தரைமட்டத்தை வீதியின் நடுமட்டத்திலிருந்து அளந்து படத்தில் எழுதுவியுங்கள். ‘நிலத்திலிருந்து இரண்டு அடி’ என்று எழுதினால், நிரப்பிய நிலமா நிரப்பாத நிலமா என்று பிறகு எவராலும் சொல்லமுடியாது. குறித்த பரப்புக்கு மேற்பட்ட பெரிய காணியில் பத்து வீதத்தைப் பொதுத்தேவைக்கு ஒதுக்கவேண்டும். அந்தப் பத்து வீதம் பல இடங்களில் எவரும் வாங்காத மூலையாக இருக்கும். அதையே தண்ணீர் தங்கும் தாழ்ந்த பக்கத்தில் கேட்டு வாங்க சபைக்கு அதிகாரமும் வாய்ப்பும் உண்டு. கேட்டால் நிலமும் காப்பாற்றப்படும், கானும் நிறையாது.

கட்டட அனுமதிக்கு நான்கு கொடுத்ததற்குக் காரணம், தொழில்நுட்ப உத்தியோகத்தர் வளவுக்கு வந்து பார்க்கிறார் என்பது. காணியில் 65 வீதத்துக்கு மேல் கட்டடத்தால் மூடக்கூடாது, பின்னால் 2.3 மீற்றர் விடவேண்டும்: இரண்டையும் நாடா பிடித்தே பார்ப்பார்கள். பிரதான வீதியோரம் என்றால் கட்டடம் தாண்டக்கூடாத கட்டடக்கோட்டை வீதியின் நடுவிலிருந்து அளப்பார்கள், உங்கள் வேலியிலிருந்து அல்ல. எல்லையோடு ஒட்டிய சுவரில் ஜன்னல் வைத்த படம் திரும்பி வரும். பக்கத்தில் மூன்று அடி நடைவழி விட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் உள்ள குழிக்குக் கழிவை உறிஞ்ச வரும் கல்லி பவுசரின் குழாயை வீட்டுக்குள்ளால் இழுக்கவேண்டி வரும்.

அனுமதி கைக்கு வந்ததும் எத்தனை காலத்துக்குச் செல்லும் என்று பாருங்கள், பொதுவாக ஒரு வருடம். அத்திவாரம் போட்டுவிட்டுப் பணத்துக்காக நிறுத்துபவர்கள் நீடிப்புக்கு எழுத மறந்துவிடுகிறார்கள். வேலை முடிந்தபின், அனுமதித்த படத்தின்படியே கட்டப்பட்டது என்று சொல்லும் ஒத்திசைவுச் சான்றிதழையும் எடுங்கள். வங்கிக் கடனுக்கும் பிறகு விற்பதற்கும் அதைத்தான் கேட்பார்கள். படத்தில் இல்லாத ஒரு தகரக் கூரை பின்பக்க 2.3 மீற்றரை மூடியிருந்தால் அது கிடைக்காது. கூரையைப் பரிசோதனைக்கு முன் கழற்றுவதை விட, முதற்படத்திலேயே சமையலறையை நான்கு அடி நீட்டிக் கேட்பது நல்லது.