லேப்டாப்பை ஸ்டீரியோவில் மாட்டினால் 'உம்ம்' சத்தமா? சர்வீசுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அப்பாவின் ஆம்ப்ளிஃபையருக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. பெங்களூரு அல்சூர் வீட்டு ஹாலில், இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களுக்கு நடுவில், நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அதே மூலையில் இருக்கிறது. டேப் டெக் ஓடாமல் போன பிறகு டிவி செட்டாப் பாக்ஸின் சத்தம் மட்டும் அதில் வந்துகொண்டிருந்தது. அவருடைய பழைய கேசட் பாட்டுகளை எல்லாம் லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன். அந்த ஸ்பீக்கரிலேயே அவர் கேட்க வேண்டும் என்று ஆசை. ஒரு முனையில் ஹெட்போன் பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின் உள்ள சாதாரண ஒயரை வாங்கி, பின்பக்கம் 'டேப்' என்று போட்ட இடத்தில் செருகினேன். பாட்டு வந்தது. ஆனால் அடியில் 'உம்ம்ம்' என்று ஒரே சத்தம். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்கு ஆட்டோவில் தூக்கிப் போனேன். கடைக்காரர் தமிழில் பேசியதும் மனசு லேசாகிவிட்டது. "வைங்கண்ணா, பார்த்துடலாம்" என்று தன் லேப்டாப்பை மாட்டினார். வீட்டில் வெறும் உம்ம் சத்தம்தான். அங்கேயோ பாட்டே கிழிந்துபோய், பாஸ் மட்டும் இடித்தது. "பார்த்தீங்களாண்ணா, போர்டே போயிடுச்சு. கெபாசிட்டர் நாலு, ஐசி ஒண்ணு மாத்தணும்" என்றார். அவர் ஒயரைச் செருகிய இடத்தில் 'ஃபோனோ' என்று எழுதியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று எனக்குத் தெரியாது.

ரிப்பேருக்கு 4,800, 'தங்க முலாம்' கேபிளுக்கு 1,450. மொத்தம் 6,250 ரூபாய். ஐந்து நாள் கழித்துத் தன் போனை மாட்டிப் போட்டுக் காட்டினார், சுத்தமாகப் பாடியது. ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு, கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டுதான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினால் அதே உம்ம். போன் செய்தேன். "உங்க வீட்டு கரண்ட் சரியில்லண்ணா, ஸ்டெபிலைசர் போடுங்க, என்கிட்டயே இருக்கு, 3,500 ஆகும்" என்றார்.

எதிர் வீட்டில் டெலிபோன் தயாரிக்கும் ஐ.டி.ஐ. கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். வந்து ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். "தம்பி, சார்ஜரைக் கழட்டு" என்றார். கழற்றியதும் ஹால் அமைதியாகிவிட்டது. "இப்ப மாட்டு." உம்ம். சார்ஜரை அப்படியே விட்டுவிட்டு, செட்டாப் பாக்ஸின் பின்னால் வரும் கேபிளைத் திருகிக் கழற்றினார். மறுபடி அமைதி.

விஷயம் இவ்வளவுதான். லேப்டாப் சார்ஜரின் மூன்றாவது பின் வீட்டு எர்த்தில் நிற்கிறது. கேபிள் டிவி ஒயரின் உலோக உறை வேறொரு இடத்தில் எர்த் ஆகியிருக்கிறது. ஆடியோ ஒயர் இந்த இரண்டையும் ஆம்ப்ளிஃபையர் வழியாக ஒரு வளையமாக்கிவிட, கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதில் ஓடி ஸ்பீக்கரில் கேட்கிறது. கிரவுண்ட் லூப் என்பார்கள். ஆம்ப்ளிஃபையரில் பழுதே இல்லை. கடையில் சத்தம் வராததற்கும் இதுதான் காரணம்: போன் பேட்டரியில் ஓடியது, கேபிள் டிவியும் அங்கே கிடையாது.

ஃபோனோ விஷயத்தையும் மாமாதான் விளக்கினார். அது இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளுக்கான இடம். ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டை அது பல மடங்கு பெருக்கும், பாஸை இன்னும் கூட்டும். லேப்டாப் கொடுப்பதோ ஏறக்குறைய ஒரு வோல்ட். எவ்வளவு நல்ல ஆம்ப்ளிஃபையரும் அப்படி மாட்டினால் கிழியத்தான் செய்யும்.

அப்புறம் மூடியைத் திறந்தோம். மாற்றியதாகச் சொன்ன நான்கு கெபாசிட்டர்களின் அடியிலும் பழுப்பேறிக் காய்ந்த பழைய பசை அப்படியே இருந்தது. ஒன்றிலிருந்து பக்கத்து ஹீட்சிங்க் வரை ஒட்டடை, ஒரு இழைகூட அறுபடவில்லை. போர்டின் அடியில் எல்லா சால்டரும் மங்கலாக இருந்தது, புதிதாக மினுங்கிய இடம் ஒன்றுகூட இல்லை. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பணம் போனதைவிட அது வலித்தது.

கடைசியில் தீர்த்தது 350 ரூபாய் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சின்னப் பெட்டி, ஆடியோ ஒயரின் நடுவில் மாட்டுவது. பாட்டை மட்டும் கடத்தி, அந்த வளையத்தை அறுத்துவிடும். சிலர் சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஷாக்கிலிருந்து காப்பாற்றுவது அந்தப் பின்தான்.

உங்களுக்கும் இதே சத்தம் வந்தால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கடைக்குப் போவதாக இருந்தால் ஒயர் 'ஆக்ஸ்', 'டேப்', 'சிடி' இவற்றில் ஒன்றில்தான் செருகப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கொடுக்கும் முன் மூடியைத் திறந்து போட்டோ எடுங்கள், கழற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படியே முறையற்ற வணிக நடைமுறை.

போட்டோக்களோடு கடைக்குத் திரும்பப் போனேன். 1,000 ரூபாய் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றார். வாங்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன், துண்டுச் சீட்டும் பத்திரமாக இருக்கிறது. பதில் வந்ததும் எழுதுகிறேன்.